குடியை நிறுத்த "மரபணு ஊசி", 3,800 வெள்ளியாம். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

செம்பனை மகள் · ஞாயிறு, இரவு 9:52

மலேசியாவில், நம் கெடா மாநிலத்துப் பீடோங், சுங்கைப்பட்டாணி பக்கம் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்காவது இந்த வாரம் அந்த வாட்சாப் செய்தி வந்திருக்கும். அமெரிக்க விஞ்ஞானிகள் கண்டுபிடித்த மூளை ஏற்பி சிகிச்சை, ஒரே ஊசி, ஏழு நாளில் குடி மறந்துபோகும், முன்பணம் பாதி கட்டினால் போதும் என்று ஒரு குரல் பதிவோடு சுற்றுகிறது. என் அம்மாவுக்கும் வந்தது. நேற்று வீட்டுக்குப் போனபோது சாமி மேடைக்குக் கீழே, விளக்கெண்ணெய்ப் போத்தலுக்குப் பின்னால், ரப்பர் பேண்ட் போட்ட ஒரு கட்டு இருந்தது. எண்ணிப் பார்த்தேன், 2,150 வெள்ளி. செம்பனைக் காட்டில் உதிரிப் பழம் பொறுக்கிச் சேர்த்தது, கூட்டு என்கிற சீட்டுக் கட்டி எடுத்தது எல்லாம் அதில் இருக்கிறது. என் அண்ணனுக்காக.

நான் உயிர்மருத்துவம் படித்துவிட்டு பினாங்கில் ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். மூளை என் துறை இல்லை. ஆனால் அப்பா போன நாளிலிருந்து இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்து வருகிறேன், அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

அந்தச் செய்தியில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து. நியூயார்க் பக்கம் லாங் ஐலண்டில் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடம் என்று ஒன்று இருக்கிறது. அங்கே பனயோட்டிஸ் தானோஸ் என்ற நரம்பியல் விஞ்ஞானியும் நோரா வோல்காவ் அம்மையாரும் இன்னும் சிலரும் சேர்ந்து 2001இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். எலிகளுக்கு மதுவைப் பழக்கினார்கள். பிறகு, நம் மூளையில் டோபமைன் என்ற இரசாயனம் வந்து ஒட்டுகிற டி2 ஏற்பி இருக்கிறதே, அதைச் செய்கிற மரபணுவை ஒரு வைரஸுக்குள் வைத்து, மூளையின் இன்ப மையமான நியூக்ளியஸ் அக்கும்பென்ஸ் என்ற சின்னப் பகுதிக்குள் நேராகச் செலுத்தினார்கள். அடினோவைரஸ், சளிக் காய்ச்சல் கொண்டுவருகிற வகை, நோய் உண்டாக்காதபடி மாற்றியது. அந்தப் பகுதியில் டி2 ஏற்பி கூடியது. தண்ணீரும் மதுவும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க மதுவையே தேடிப் போன எலிகள் குடித்த அளவு 64 சதவீதம் குறைந்தது, மதுமேல் இருந்த நாட்டம் 43 சதவீதம் குறைந்தது.

இதுவரைக்கும்தான் குரல் பதிவில் வரும். அடுத்த வரி வராது. எட்டாம் நாள் ஏற்பிகளின் எண்ணிக்கை பழைய நிலைக்கு வந்துவிட்டது, எலிகளும் பழையபடி குடிக்க ஆரம்பித்துவிட்டன.

குடிக்கென்று எந்த நாட்டிலும் அனுமதி பெற்ற மரபணு ஊசி கிடையாது. கையில் குத்துகிற ஊசியால் மூளையின் அந்தப் புள்ளிக்கு மரபணுவைக் கொண்டுபோகவும் முடியாது, எலிகளுக்கே மண்டையோட்டில் துளை போட்டுத்தான் செலுத்தினார்கள். தயவுசெய்து பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டவர்கள் இங்கே எழுதுங்கள், சேர்ந்து போய்ப் புகார் கொடுக்கலாம்.

லயத்துப் பையன் · ஞாயிறு, இரவு 10:20

பணம் விஷயம் சரி தங்கச்சி, அது மோசடிதான். ஆனால் இந்த ஏற்பி, டோபமைன் கதை எனக்கு ஒத்துவரவில்லை. குடிக்கிறவனுக்குத் திமிர், அவ்வளவுதான். எங்கள் அப்பா முனீஸ்வரன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினார், அன்றோடு விட்டார், 22 வருஷம் தொடவே இல்லை. மனசு இருந்தால் விடலாம். மூளை மேல் பழியைப் போட்டால் இவன்களுக்கு ஒரு சாக்குக் கிடைத்த மாதிரி ஆகிவிடும். பெண்டாட்டி தாலியை அடகு வைத்துக் குடிக்கிறவனுக்கு "உனக்கு ஏற்பி கம்மி" என்று சொல்லித் தட்டிக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

செம்பனை மகள் · ஞாயிறு, இரவு 11:35

அண்ணே, தட்டிக் கொடுக்கச் சொல்லவில்லை. உங்கள் அப்பாவை நினைத்தால் உண்மையிலேயே மரியாதையாக இருக்கிறது. என் அப்பாவும் சத்தியம் செய்தார், மூன்று தடவை. கடைசித் தடவை மொட்டையும் போட்டுக்கொண்டு வந்து பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் பின்வாசல் படியில் உட்கார்ந்து அழுதபடியே குடித்தார், நான் பார்த்தேன். அந்த அழுகையைத் திமிர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அதனால்தான் வோல்காவைப் படிக்க ஆரம்பித்தேன்.

அந்த அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். 1956இல் மெக்சிகோ நகரத்தில் பிறந்தவர். ரஷ்யப் புரட்சியின் ட்ராட்ஸ்கி அவருக்குக் கொள்ளுத்தாத்தா, ட்ராட்ஸ்கி கொல்லப்பட்ட அதே வீட்டில்தான் இவர் வளர்ந்தார். மெக்சிகோவில் மருத்துவம், நியூயார்க்கில் மனநல மருத்துவம், அப்புறம் ஹூஸ்டனில் கொக்கெய்ன் பழக்கம் உள்ளவர்களின் மூளையைப் படம் பிடிக்கிற வேலை. கொக்கெய்ன் பெரிய ஆபத்தில்லை என்று பலர் நினைத்திருந்த காலம் அது. பிறகுதான் புரூக்ஹேவன்.

அங்கே பெட் ஸ்கேன் எடுப்பது லேசான வேலை இல்லை. கார்பன் 11 என்ற கதிரியக்கக் கார்பனை ராக்ளோப்ரைட் என்ற மருந்தில் கோத்து நரம்பில் செலுத்துவார்கள், அது மூளைக்குள் போய் டி2 ஏற்பியில் ஒட்டிக்கொண்டு ஒளிப் புள்ளியாகத் தெரியும். கார்பன் 11இன் அரை ஆயுள், அதாவது பாதி அழிந்துபோகிற நேரம், 20 நிமிஷம்தான், இங்கே தயாரித்து அங்கே அனுப்பலாம் என்கிற பேச்சே இல்லை. அதனால் அதைத் தயாரிக்கிற சைக்ளோட்ரான் எந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். குடிக்கு அடிமையானவர்களை இப்படிப் படம் பிடித்து 1996இல் வெளியிட்டார்கள். அவர்கள் மூளையில் அந்த ஒளி குறைவாக இருந்தது. ஏற்பி குறைந்திருக்கிறது என்று அர்த்தம். நல்ல சாப்பாடு, பிள்ளையின் சிரிப்பு, சம்பள நாள், இதெல்லாம் தருகிற சின்னச் சந்தோஷம் அந்த மூளையில் போய்ச் சேருவது குறைகிறது, போத்தல் மட்டும்தான் எட்டுகிறது.

குடித்துக் குடித்துக் குறைந்ததா, முதலிலேயே குறைவா என்று நீங்கள் கேட்கலாம். இரண்டும் இருக்கலாம் போலத்தான் தெரிகிறது. 1999இல் எந்தப் பழக்கமும் இல்லாத ஆண்களுக்கு ஒரு ஊக்க மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். டி2 குறைவாக இருந்தவர்கள் சுகமாக இருந்தது என்றார்கள், அதிகமாக இருந்தவர்கள் பிடிக்கவில்லை என்றார்கள். அதே மருந்து, அதே அறை.

அப்புறம் ஒன்று. வோல்காவின் அம்மாவழித் தாத்தா இருதய நோயில் போனார் என்றுதான் அவருக்குச் சின்ன வயதில் சொல்லி வைத்திருந்தார்கள். மூளையையும் போதையையும் வருஷக்கணக்காக ஆராய்ந்த பிறகு, அம்மா சாகப் போகிற நேரத்தில்தான் உண்மையைச் சொன்னார். தாத்தா குடியை விட முடியாமல், தன்னையே வெறுத்து, உயிரை மாய்த்துக்கொண்டவர். இதை வோல்காவே 2015இல் மனநல மருத்துவர்கள் கூடிய சபையில் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை அண்ணே. எங்கள் வீட்டிலும் அப்பா "நெஞ்சுவலியில்" போனார் என்றுதான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறோம்.

பழைய கிராணி · திங்கள், காலை 6:15

மகளே, படித்தேன். எனக்கு 78 வயது. எழுத்துப் பெரிதாக வைத்துப் படித்தேன்.

கள்ளுக்கடை நம் ஆட்கள் தேடிப் போனதா, நம் ஆட்களைத் தேடி வந்ததா என்பதையும் பேச வேண்டும். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை வைத்துக் கொடுத்தது துரைமார்கள் காலம். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டு, மத்தியானம் ரப்பர் பால் நிறுவை, சாயங்காலம் கள்ளுக்கடை என்று ஒரே கோட்டில் வைத்தார்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னே நின்று நடந்த வேலைநிறுத்தத்தில் கோரிக்கைகளில் ஒன்று கூலி உயர்வு, ஒன்று கள்ளுக்கடையை மூடு, இன்னொன்று துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்கிற வழக்கத்தை ஒழி. மூன்றையும் ஒரே தாளில்தான் எழுதினார்கள்.

நம் பீடோங்குக்கு வாருங்கள். போர் முடிந்ததும் ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி தலைமையில் தொண்டர் படை. பையன்கள் வரிசையாகப் போய்க் கள்ளுக்கடை முன்னே நின்று உள்ளே போகிறவனைத் தடுத்தார்கள். 1947 பிப்ரவரியில் இதே பட்டணத்தில் போலீஸோடு மோதல், அடி, கைது. என் அப்பா அந்தப் படையில் இருந்தவர். முதுகில் கோடு இருந்தது, எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரலில் தட்டும்.

அந்த இரண்டு மூன்று வருஷம் தோட்டத்தில் குடி குறைந்தது என்று அவர் சொல்வார். மனசு மட்டும் காரணமா, கூட்டமாக நின்றதும் காரணமா? உன் விஞ்ஞானம் இதற்கு ஏதாவது சொல்கிறதா?

செம்பனை மகள் · திங்கள், மதியம் 1:10

ஐயா, சாப்பாட்டு நேரத்தில் எழுதுகிறேன். நீங்கள் கேட்டதற்கு நேராகவே ஒரு பதில் இருக்கிறது, குரங்குகளிடமிருந்து.

அமெரிக்காவில் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் நேடர் குழு 2002இல் வெளியிட்டது. அவர்கள் வைத்திருந்தது வேறெந்தக் குரங்கும் இல்லை, நம் காட்டோரம் குப்பைத்தொட்டியைக் கிளறுகிற அதே நீளவால் கெரா இனம். ஆண் குரங்குகள் 20. முதலில் தனித்தனிக் கூண்டில் ஒன்றரை வருஷம் வைத்து ஸ்கேன் எடுத்தார்கள், பெரிய வித்தியாசம் இல்லை. பிறகு நான்கு நான்காகச் சேர்த்து விட்டார்கள். மூன்று மாதத்தில் தலைவன் எது, அடங்கிப் போவது எது என்று தெரிந்துவிட்டது. மறுபடி ஸ்கேன் எடுத்தால், தலைவனாக வந்த குரங்குகளின் டி2 ஏற்பி 22 சதவீதம் கூடியிருந்தது. அடங்கிப்போன குரங்குகளுக்குக் கூடவே இல்லை. அப்புறம் எல்லாவற்றுக்கும் ஒரு பித்தானை அமுக்கினால் கொக்கெய்ன் கிடைக்கும்படி வைத்தார்கள். அடங்கிப்போனவை திரும்பத் திரும்ப அமுக்கின. தலைவன் குரங்குகளுக்கு அதில் பெரிய ஈர்ப்பு இல்லை.

எந்த மரபணுவும் செலுத்தவில்லை ஐயா. புரூக்ஹேவனில் வைரஸை வைத்துச் செய்ததை இங்கே மரியாதை செய்திருக்கிறது. குரங்கைப் பார்த்து மனுஷனுக்கு அப்படியே பொருத்தக் கூடாதுதான், ஆனால் சைக்கிளிலிருந்து இறங்க வைத்ததும் கள்ளுக்கடையும் ஒரே தாளில் இருந்தது என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இந்த ஆய்வுதான் ஞாபகம் வந்தது. என் அண்ணன் குடிக்க ஆரம்பித்தது தோட்டம் துண்டு போட்டு விற்கப்பட்டு, நாங்கள் லயத்தை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த வருஷம். பால் வெட்டுவதில் அவன் கையை அடிக்க ஆள் இல்லை, மரத்துக்குக் காயம் படாமல் பட்டையைச் சீவுவான். அந்தக் கைக்கு அதன் பிறகு வேலை இல்லை.

இரவுப்பணி · திங்கள், இரவு 11:48

நான் அரசாங்க மருத்துவமனையில் ஆண்கள் வார்டில் தாதி. வேலைக்குக் கிளம்பும் முன் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஊசி விற்கிறவனை விட இது அவசரம்.

தினமும் நிறையக் குடிக்கிற ஆளை வீட்டில் வைத்து ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். அறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். கடைசிக் குடியிலிருந்து சில மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வாந்தி வரும். இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் மூன்றாம் நாள்தான் பயங்கரம். சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், போர்வையிலிருந்து எதையோ பிடுங்கிப் பிடுங்கிப் போடுவார், பெற்ற பிள்ளையைத் தெரியாது. பேய் பிடித்துவிட்டது என்று சாமியாடியிடம் கொண்டுபோய், அங்கே நேரம் போய், எங்களிடம் வரும்போது உடம்பு நெருப்பாகக் கொதிக்கும். இதில் ஆள் போய்விடுவார், உண்மையாகவே. மருத்துவமனையில் டயாஸிபம் கொடுத்து அளவு பார்த்துப் பார்த்துக் குறைப்போம், வைட்டமின் பி1 ஏற்றுவோம். அந்த வைட்டமின் சாதாரண விஷயம் இல்லை, அது இல்லாமல் போனால் மூளையில் ஞாபகம் இருக்கிற இடமே கெட்டுவிடும்.

சாப்பாட்டில் தெரியாமல் கலக்கிற பொடியும் வேண்டாம் அக்காமார்களே. டைசல்பிரம் மாதிரி மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். மருத்துவர் கொடுத்தாலும் அது ஆளுக்குத் தெரிந்து சம்மதத்தோடு சாப்பிட வேண்டிய மருந்து.

ஏற்பி பற்றிப் பேசுகிறீர்கள், ஏற்பியைத் தொடுகிற மாத்திரை ஏற்கெனவே இருக்கிறது. நால்ட்ரெக்சோன். அது டோபமைன் ஏற்பி இல்லை, அபின் வகைப் பொருள்கள் ஒட்டுகிற ஓபியாய்ட் ஏற்பியை அடைத்துவிடும், குடித்தாலும் பழைய கிறக்கம் வராது. அமெரிக்காவில் 1994இலேயே குடிக்கென்று அனுமதி கொடுத்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒத்துவராது, ஈரல் பார்த்துத்தான் கொடுப்பார்கள். கிளினிக் கெசிஹாத்தான் என்கிற அரசாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போய் வாய்விட்டுக் கேளுங்கள், மனநலப் பிரிவுக்குக் கடிதம் தருவார்கள். மனநல மருத்துவமனை இருக்கிற தஞ்சோங் ரம்புத்தான் பெயரைச் சொல்லி ஊர் பேசும், பேசட்டும்.

ஆறாம் படிவம் · செவ்வாய், மாலை 4:30

அக்கா, நான் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய எஸ்.டி.பி.எம். தேர்வுக்கு உயிரியல் எடுக்கிறேன். இரண்டு கேள்வி. எலிக்கு எட்டு நாளில் போய்விட்டது என்றால் இந்த ஆராய்ச்சி அப்படியே நின்றுவிட்டதா? மூளைக்குள் மரபணு போடுவது மனிதர்களில் எங்கேயாவது நடந்திருக்கிறதா? எனக்கு இதைப் படிக்க ஆசையாக இருக்கிறது, வீட்டில் பார்மசி போ என்கிறார்கள்.

செம்பனை மகள் · செவ்வாய், இரவு 10:05

தம்பி, நின்றுவிடவில்லை. மரபணுவைச் சுமந்துபோகிற வண்டியை மாற்றினார்கள். அடினோவைரஸைக் கண்டதும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி பாய்ந்து அடிக்கும். 1999இல் ஜெஸ்ஸி கெல்சிங்கர் என்ற 18 வயதுப் பையன் பென்சில்வேனியாவில் ஈரல் நோய்க்கான மரபணுச் சோதனையில் அடினோவைரஸ் செலுத்தியதால் இறந்தான். உன்னைவிடப் பெரியவன் இல்லை. அந்தத் துறையே பல வருஷம் தலை நிமிரவில்லை, சரியாகத்தான் நிமிரவில்லை என்று நினைக்கிறேன், ஏனென்றால் அதற்கப்புறம்தான் பாதுகாப்பை ஒழுங்காகப் பார்த்தார்கள்.

இப்போது பெரும்பாலும் ஏ.ஏ.வி. என்ற இன்னொரு சின்ன வைரஸ். 1965இல் அடினோவைரஸ் வளர்த்த குடுவையில் கலப்படம் போலக் கிடந்ததைக் கண்டுபிடித்தார்கள். மனிதனுக்கு நோய் தருவதாகத் தெரியவில்லை, நரம்புச் செல்லுக்குள் போனால் வருஷக்கணக்கில் வேலை செய்யும். ஆனால் சின்னப் பை, சுமார் 4,700 டி.என்.ஏ. எழுத்து நீளத்துக்குத்தான் இடம். டி2 ஏற்பி 443 அமினோ அமிலம், ஒவ்வொன்றுக்கும் மூன்று எழுத்து, பெருக்கிப் பார், தாராளமாக உள்ளே அடங்கும்.

மனிதர்களில் நடந்திருக்கிறது. டோபமைனைச் செய்கிற ஏ.ஏ.டி.சி. என்ற நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். தலை நிற்காது, கை கால் அசையாது, கண் மணிக்கணக்கில் மேலே சொருகிக்கொள்ளும். தைவானிலும் தென்சீன வம்சாவளியிலும் இந்தக் குறை கூடுதலாக வருகிறது. தைவான் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வூ-லியாங் ஹூ என்ற மருத்துவரின் குழு அந்த மரபணுவை ஏ.ஏ.வி.யில் வைத்து நான்கு குழந்தைகளின் மூளையில் செலுத்தி 2012இல் வெளியிட்டது. அசைய முடியாமல் கிடந்த குழந்தைகளிடம் மெல்ல மெல்ல அசைவு வந்தது. அந்தச் சிகிச்சைக்கு ஐரோப்பாவில் 2022இலும் அமெரிக்காவில் 2024 நவம்பரிலும் அனுமதி கிடைத்தது. மூளைக்குள் நேராகச் செலுத்துகிற மரபணு மருந்தாக அமெரிக்கா அனுமதித்தது அதைத்தான் முதலில்.

குடிக்கு வருவோம். 2023இல் ஓரிகான் ஆராய்ச்சியாளர்கள், நிறையக் குடிக்கப் பழகிய ரீசஸ் குரங்குகளுக்கு ஜி.டி.என்.எஃப். என்கிற நரம்பு வளர்ச்சிப் புரதத்தின் மரபணுவை ஏ.ஏ.வி.யில் செலுத்தினார்கள். டி2 மரபணுவைத் தொடவில்லை, டோபமைன் செல்களையே தேற்றிவிடுகிற வழி இது. குடிப்பது 90 சதவீதத்துக்கும் மேல் குறைந்தது, எட்டு நாளில் திரும்பவும் இல்லை. பெரிய விஷயம்தான். ஆனாலும் அது சில குரங்குகளில் செய்தது, அறுவை சிகிச்சை, ஒருமுறை செலுத்தினால் திரும்ப எடுக்க வழி இல்லை. 2001இலிருந்து 2023 வரை எண்ணிப் பார், 22 வருஷம். இந்தத் துறைக்குப் போனால் உன் வாழ்க்கையும் இந்த வேகத்தில்தான் போகும், எலிக்குத் தண்ணீர் மாற்றி, அளந்து, எழுதி, மறுநாள் மறுபடி அளந்து. அது பிடிக்கும் என்றால் வா. பார்மசி போனாலும் பரவாயில்லை, ஏற்பி என்றால் என்ன என்று அங்கேயும் நன்றாகச் சொல்லித்தருவார்கள், அங்கிருந்தும் இதற்குள் வரலாம்.

லயத்துப் பையன் · புதன், இரவு 8:44

தங்கச்சி, முதலில் எழுதினதை அழிக்கலாமா என்று பார்த்தேன், வேண்டாம், இருக்கட்டும். அம்மாவிடம் கேட்டேன், அப்பா எப்படி விட்டார் என்று. சத்தியம் பண்ணின அன்றிலிருந்து தவறணைப் பக்கம் போகாமல் கோயில் கமிட்டியில் போட்டுக்கொண்டார்களாம், உறுமி மேளக் குழுவுக்கு அவர்தான் பொறுப்பு, தினம் சாயங்காலம் ஆறு பேர் வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போவார்களாம். எனக்கு மேளம்தான் ஞாபகம் இருக்கிறது, அந்த ஆறு பேர் ஏன் வந்தார்கள் என்பது இப்போதுதான் தெரியும்.

ஒன்று கேட்கிறேன். நம்மைப் போலக் குடிக்கிற அப்பனுக்குப் பிறந்து குடிக்காமல் இருக்கிறவர்களைப் பற்றி ஏதாவது பார்த்திருக்கிறார்களா?

செம்பனை மகள் · வியாழன், இரவு 9:30

பார்த்திருக்கிறார்கள் அண்ணே. வோல்காவே, 2006இல். குடிக்கு அடிமையானவர்கள் நிறைந்த குடும்பத்தில் பிறந்தும் குடிக்காதவர்களை ஸ்கேன் செய்தார். அவர்களுக்கு டி2 ஏற்பி மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. அதுவே அவர்களைக் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதினார்கள். எனக்கும் அண்ணனுக்கும் ஒரே அப்பா, ஒரே லயம், ஒரே தட்டுச் சோறு. நான் நல்லவள், அவன் கெட்டவன் என்று இத்தனை வருஷம் வீட்டில் பேசினதை நினைத்தால் என்னமோ செய்கிறது.

இன்னொரு விஷயம் சொல்லத்தான் வந்தேன். இரவுப்பணி அக்கா எழுதினதை அம்மாவுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். பணம் கட்டவில்லை. நேற்று காலை அண்ணனே "போகலாம்" என்றான், கை நடுக்கத்தில் சட்டைப் பித்தான் போட முடியவில்லை, அம்மா போட்டுவிட்டார். வார்டில் சேர்த்துவிட்டோம். மருத்துவர் சின்ன வயது, மலாய்க்காரப் பெண், பொறுமையாகக் கேட்டார், எவ்வளவு குடிக்கிறார், எப்போதிலிருந்து, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. அப்பா எப்படி இறந்தார் என்று கேட்டபோது அம்மா பழக்கத்தில் "சாக்கிட் ஜந்தோங்", இருதய நோய், என்றுதான் மலாயில் சொன்னார். மருத்துவர் எழுத ஆரம்பித்தார். அம்மா கையை நீட்டி அந்தத் தாளின் ஓரத்தைத் தொட்டு நிறுத்தினார்.

"ஜந்தோங் இல்லை மா," என்று தமிழிலேயே சொன்னார். "குடி."

நான் மலாயில் சொன்னேன். மருத்துவர் எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார்.

நாளை மூன்றாம் நாள். அக்கா, நீங்கள் எந்த நேரப் பணியில் இருந்தாலும் சரி, ராத்திரி பூச்சி ஊர்கிறது என்று சொன்னால் நான் பக்கத்தில் உட்கார்ந்து என்ன பேச வேண்டும் என்று மட்டும் எழுதுங்கள்.

இரவுப்பணி · வியாழன், இரவு 10:02

பூச்சி இல்லை என்று வாதாடாதே. விளக்கைப் போட்டு வை. உன் பெயரையும், இது எந்த இடம், இன்று என்ன கிழமை என்பதையும் மெதுவாகத் திரும்பத் திரும்பச் சொல். கையைப் பிடித்துக்கொள். வேர்வையோ நடுக்கமோ கூடினால் உடனே வார்டுத் தாதியைக் கூப்பிடு, விடியட்டும் என்று காத்திருக்காதே.